தவணை என் பெயரில், வீடு அவன் பெயரில்

சென்னை

அன்புள்ள செல்விக்கு,

இங்கு நலம், அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் தம்பியின் திருமணப் பத்திரிகையில் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாய், அதனால்தான் இதை எழுதுகிறேன். நானும் அவனும் பிரிந்துவிட்டோம். அடிதடி இல்லை, மூன்றாம் ஆளும் இல்லை. காரணத்தை நேரில் சொல்கிறேன். பூமா டீச்சர் காதுக்கு மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம். போனால் தென்காசிக்கே தண்டோரா போட்ட மாதிரிதான்.

மனம் ஒருவாறு தேறிவிட்டது. தேறாமல் கிடப்பது கணக்குதான். தாலி கட்டியவர்கள் பிரிந்தால் குடும்பநல நீதிமன்றம் என்று ஒரு வாசல் இருக்கிறது. தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்த எங்களிடம் இருப்பவை கையெழுத்துப் போட்ட காகிதங்கள் மட்டுமே. வேளச்சேரி வீட்டின் வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில். அந்த வீட்டு அட்வான்ஸுக்கும் கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கும் வாங்கிய தனிநபர்க் கடன் என் பெயரில். ஆக, அட்வான்ஸ் திரும்பினால் அவன் கணக்குக்குப் போகும், தவணை மட்டும் மாதம் பிறந்தால் என் சம்பளத்தில் பிடிபடும். போதாததற்கு அவனுடைய கார் கடனுக்கு நான் ஜாமீன். ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பதால், அவன் தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறேனா என்று வங்கிகள் பார்க்கும் என்னுடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே அடிவாங்கும். வங்கிக் கிளையில் போய், பிரிந்துவிட்டோம் என்று சொன்னேன். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது உங்க சொந்த விஷயம் மேடம், மாற்று ஜாமீன் கொண்டுவாங்க" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும், ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

வக்கீல் ஒருவரையும் பார்த்தேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணம் போன்ற உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை தருகிறதாம். எது அத்தகைய உறவு என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2010இல் வேலுசாமி வழக்கில் நிபந்தனைகள் வகுத்ததாம். அது கோயம்புத்தூர் வழக்கு. உன் புகுந்த ஊர்க்காரர்கள் எதில்தான் பின்தங்கினார்கள்! என்னைக் கொடுமை செய்யாதவன்மேல் அந்தச் சட்டத்தை ஏவ எனக்கு மனமில்லை, அந்த வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை.

ஆகவே முத்திரைத்தாளில் எழுதிக்கொள்கிறோம்: வீட்டுக்காரர் அட்வான்ஸை நேராக என் கணக்கில் போட வேண்டும், அதை நான் கடன் அசலில் கட்டிவிடுவேன், மீதித் தவணையில் பாதியை அவன் தர வேண்டும், ஜாமீனுக்கு அவனுடைய அண்ணன் வர வேண்டும். என் கிரெடிட் கார்டில் அவனிடம் இருந்த துணை அட்டையை வாங்கி வெட்டிப் போட்டுவிட்டேன். அவன் தேய்த்தாலும் கடன் என் தலையில்தான் விழும், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் வட்டியே ஆளை விழுங்கிவிடும்.

வீடு தேடுவது தனிக் கூத்து. மடிப்பாக்கத்தில் ஒரு அம்மா சமையலறை, மாடி, மோட்டார் எல்லாம் பிரியமாகக் காட்டிவிட்டு, "சார் எப்ப வருவாரு?" என்றார். சார் இல்லை என்றதும், வீட்டை ஏற்கெனவே யாருக்கோ சொல்லிவைத்தது அவருக்கு நினைவு வந்துவிட்டது. எங்கு கிடைத்தாலும் ஒப்பந்தம் இனி என் பெயரில்தான்.

ஒப்பந்த வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். வக்கீலான உன் மைத்துனரிடம் காட்டி, அவன் பாதித் தவணையை நிறுத்திவிட்டால் நான் என்ன செய்ய முடியும் என்பதை மட்டும் கேட்டு எழுது. கையெழுத்துப் போடுவதற்குள் பதில் வேண்டும். வழக்கம்போல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்காதே.

உன்
தேன்மொழி