கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற வெயில்

நாமக்கல்,
ஜனவரி 18

அன்புள்ள கயலுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய எக்ஸ்ரே படத்தை உன் அம்மாவின் கைபேசியில் ஒரு முறையும், காலையில் கணினியில் பெரிதாக்கி இரண்டு முறையும் பார்த்தேன். உன் பச்சோந்தி மரகதத்தின் தொடை எலும்புகளின் ஓரக்கோடு அழிந்து, எது எலும்பு, எது சதை என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு மங்கிக் கிடக்கிறது. முன்கைகள் இரண்டும் வில்லாக வளைந்திருக்கின்றன; இடது கையில் முழங்கைக்குக் கீழே இன்னொரு முழங்கை இருப்பது போலத் தெரிவது, எப்போதோ முறிந்து தானாகவே கோணலாகக் கூடிய இடம். வயிற்றுக்குள் வட்ட வட்டமாக நிழல்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் மருத்துவர் அவற்றை உருவாகிவரும் முட்டைகள் என்று சொன்னது சரிதான்.

நான் 34 ஆண்டுகள் மாடும் ஆடும் கோழியும் பார்த்தவன். பச்சோந்திக்கு ஒரு நாளும் வைத்தியம் செய்ததில்லை. ஆகவே மருந்தின் அளவைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதப்போவதில்லை. அது மரகதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் இந்த எலும்புகளை எனக்குத் தெரியும், அம்மிணி. நம் ஊர்க் கோழிப்பண்ணைகளில், முட்டை உற்பத்தி உச்சத்தில் இருக்கும் சமயத்தில், நேற்று வரை நன்றாகத் தீவனம் எடுத்த கோழி இன்று காலையில் கூண்டின் ஓரத்தில் கால் பரப்பிப் படுத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் விலா எலும்பு விரலால் வளைக்கும்படி இருக்கும். ஒரு முட்டை ஓட்டுக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் கிளிஞ்சல் குறைந்தாலும் கோழி முட்டையிடுவதை நிறுத்துவதில்லை, தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். மரகதம் செய்ததும் அதையே. அவளைப் போன்ற ஏமன் நாட்டு இனத்துப் பெண் பச்சோந்தி, ஆண் துணையே இல்லாமலும் முப்பது, நாற்பது என்று முட்டைகளைச் சுமக்கும் என்பதைக் கடையில் உனக்கு யாரும் சொல்லவில்லை.

உடம்புக்குள் நடந்தது என்னவென்று எழுதுகிறேன். தெரிந்துகொண்டால் மருத்துவர் சொல்வதன் காரணம் உனக்குப் பிடிபடும். இரத்தத்தில் கால்சியத்தின் அளவு ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் இதயமும் தசைகளும் நின்றுபோகும் என்பதால், அந்த அளவைக் காப்பதற்கென்றே கழுத்துப் பகுதியில் பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகள் இருக்கின்றன. உணவிலிருந்து கால்சியம் வரவில்லையென்றால் அவை சுரக்கும் ஹார்மோன், எலும்பைக் கிடங்காக எண்ணி அங்கிருந்து எடுத்து இரத்தத்தில் சேர்க்கும். கிடங்கு காலியாகும்போது எலும்பின் இடத்தில் வெறும் நார்த்திசு நிரம்பும். தாடை ரப்பர் போலாகும், கை கால்கள் உடம்பின் எடைக்கே வளையும். கிடங்கிலும் எடுக்க ஒன்றும் மிஞ்சாத கட்டத்தில்தான் விரல்கள் நடுங்குவதும், கிளையைப் பற்ற முடியாமல் விழுவதும், நாக்கு பாதி தூரம் நீண்டு பூச்சியை எட்டாமல் திரும்புவதும் தொடங்கும். நீ நவம்பரில் காணொளி அனுப்பி, "குறி தவறுகிறது, சோம்பேறி ஆகிவிட்டாள்" என்று சிரித்தாயே, அப்போதே அது தொடங்கியிருந்தது. எனக்கும் அன்று உறைக்கவில்லை, நானும் சிரித்தேன்.

ஆனால் நீ கால்சியம் பொடி தூவியே பூச்சிகளைக் கொடுத்து வந்திருக்கிறாய். பிறகு ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் உன் கேள்வி. குடலில் இறங்கிய கால்சியம் இரத்தத்துக்குள் போவதற்கு வைட்டமின் டி வேண்டும். அதை அந்த உடம்பு தன் தோலில், புற ஊதாக் கதிரின் பி வகை பட்டால்தான், செய்துகொள்ளும். அந்தக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. நீ கூண்டைத் தெற்குப் பார்த்த பெரிய ஜன்னலருகே வைத்து, நாள் முழுதும் வெயில் படுகிறது என்று நிம்மதியாக இருந்தாய். வெளிச்சமும் கொஞ்சம் சூடும் உள்ளே வந்தன. வர வேண்டியது கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றியிருந்தாலும், அமெரிக்காவில் நீ இருக்கும் மினியாபொலிஸில் குளிர்காலத்தில் பெரிய பயன் இருந்திராது. நிலநடுக்கோட்டிலிருந்து 45 பாகை வடக்கில், டிசம்பர் மாதச் சூரியன் அவ்வளவு தாழ்ந்து போகும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். நாம் 11 பாகையில் இருப்பவர்கள். வெயிலுக்கு ஒதுங்கத்தான் நமக்குத் தெரியும், வெயில் போதாமல் போகும் என்ற எண்ணமே நம் புத்தியில் ஏறுவதில்லை.

விளக்கின் கதையும் அதுதான். நீ வாங்கிய சுருள் விளக்கு வாங்கி ஒன்றரை ஆண்டாகிறது என்கிறாய். இத்தகைய விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் புற ஊதாக் கதிர் பெரிதும் குறைந்துவிடும், அது நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல் கூண்டின் கம்பி வலையும் ஒரு பங்கைத் தடுத்துவிடும்.

டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்த வாரம் தேடிப் படித்தேன். மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்திகள், உணவில் வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது புற ஊதாக் கதிர் படும் இடத்தைத் தாமாகவே நாடிக் கூடுதலாகக் காய்கின்றன. உணவில் போதிய அளவு இருந்தால் குறைத்துக்கொள்கின்றன. அதைப் படித்தபோது, கோடை முடிந்ததிலிருந்து மரகதம் ஜன்னல் பக்கக் கிளையை விட்டு நகர்வதே இல்லை என்று நீ சொன்னது நினைவுக்கு வந்து, சிறிது நேரம் நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை. அவள் வேறு இனம், இது என் ஊகம் மட்டுமே. ஆனாலும் அவள் தேடிக்கொண்டிருந்தாள் என்றே எனக்குப் படுகிறது.

காரவள்ளியில் ஒரு நாள் நாம் வண்டியை நிறுத்தியது உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு எட்டு வயதிருக்கும். கொல்லிமலை அடிவாரத்தில், நடுப்பகலில், தார்ச்சாலையின் குறுக்கே ஒரு பச்சோந்தி காற்றில் அசையும் இலை போல ஓர் அடி முன்னும் அரை அடி பின்னுமாக ஆடி ஆடிக் கடந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த பேருந்தையும் நாம் நிறுத்தினோம். ஓட்டுநர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நம் நாட்டில் அதைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று அன்று உனக்குச் சொன்னேன், நீ ஊர் வரும் வரை அழுதாய். அங்கே, பண்ணையில் பிறந்த ஏமன் நாட்டுப் பச்சோந்தியைக் கடையில் விலைக்கு வாங்கலாம் என்று தெரிந்தவுடன் நீ என்ன செய்வாய் என்பது அன்றே எழுதப்பட்டுவிட்டது. என் அம்மாவின் பெயரை அதற்கு வைத்ததற்கு மட்டும் நான் இன்னும் சம்மதம் தரவில்லை.

"மாட்டுக்கு நீங்கள் ஒரு பாட்டில் போட்டால் எழுந்து நின்றுவிடுமே அப்பா, இவளுக்கு ஏன் ஆகாது?" என்று கேட்டாய். கன்று ஈன்ற மூன்று நாளைக்குள் பசு கழுத்தை விலாப்பக்கம் திருப்பிக்கொண்டு சில்லிட்டுப் படுத்துவிடும். பெயர் என்னவோ பால் காய்ச்சல், உடம்பில் காய்ச்சலே இருக்காது. கால்சியம் மருந்தை நரம்பில் மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டபடியே ஏற்றினால், பாட்டில் முடியும் முன்பே சாணம் போட்டுவிட்டு எழுந்துவிடும். நீ அதைப் பலமுறை பார்த்திருக்கிறாய், அதனால்தான் அப்படி நம்புகிறாய். அந்தப் பசுவின் எலும்பில் கால்சியம் நிறைய இருக்கிறது. சீம்பால் திடீரென்று இழுத்துக்கொண்டதால் இரத்தத்தில் மட்டும் குறைந்தது. மரகதத்துக்கு எலும்பே கரைந்திருக்கிறது. மருத்துவமனையில் போட்ட ஊசி நடுக்கத்தை நிறுத்தியது, அவ்வளவுதான். எலும்பு மறுபடி கட்டிவர மாதங்கள் ஆகும். வளைந்த கைகள் வளைந்தபடியேதான் இறுகும். அதை இப்போதே மனத்தில் ஏற்றுக்கொள். கோணலான கையோடு கிளையில் ஏறிப் பல ஆண்டுகள் வாழ முடியும்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் விளக்கு. மருத்துவர் சொன்னது போல நீளக்குழல் வடிவில் வரும் டி5 வகையை, கூண்டின் மேல்பக்கம் முழுதும் நீளும்படி போடு. அவள் உட்காரும் கிளையில், முதுகின் உயரத்தில், புற ஊதாக் குறியீடு 3 அளவில் இருக்க வேண்டும். அதை அளக்கும் கருவி விலை அதிகம்தான், ஆனால் ஊர்வன வளர்ப்போர் யாரிடமாவது ஒரு மணி நேரத்துக்குக் கடன் கேட்கலாம். பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும், இரவில் முழு இருட்டு. கதிர் படாமல் ஒதுங்கிக்கொள்ள இலை அடர்ந்த ஓரம் ஒன்றும் அவசியம். எவ்வளவு வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கட்டும். வைட்டமின் டியை மருந்தாக அள்ளிக் கொடுத்துச் சீக்கிரம் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. அளவு மீறினால் கால்சியம் எலும்பை விட்டுவிட்டு இரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் படியும். தோலில் உருவாவதற்கு உடம்பே ஒரு வரம்பு வைத்திருக்கிறது, வாய்வழி போவதற்கு அப்படி இல்லை.

உணவைப் பொறுத்தவரை, நீ வாங்கும் சில்வண்டுப் பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். வேண்டியதோ அதற்கு நேர் எதிராக, இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். ஆகவே பொடி தூவினால் மட்டும் போதாது, கொடுப்பதற்கு முந்தைய ஒரு நாளாவது அந்தப் பூச்சிகளுக்குக் கீரை வகைகளைத் தின்னக் கொடு. கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவில் இயல்பாகவே கால்சியம் அதிகம். கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள். 1889இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சிங்கக்குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எலும்பு நைந்து சாய்ந்தபோது, ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற மருத்துவர், எலும்பில்லாத குதிரைக்கறியைத் தின்றதுதான் காரணம் என்று பார்த்து, நொறுக்கிய எலும்பும் காட் மீனின் ஈரல் எண்ணெயும் கொடுத்து அவற்றைத் தேற்றினார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டிலேயே எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை இது. அப்போதும் தட்டில் உணவு நிறையத்தான் இருந்தது.

கூண்டுக்குள் உயரமான கிளைகளை எடுத்துவிடு. அவள் கைக்கு அடங்கும் பருமனில் நாலைந்து கிளைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் படுக்கையாகக் கட்டி, கீழே துணியை மடித்துப் போடு. இப்போது விழுந்தால் முறியும். விளக்கையும் அதற்கேற்பத் தாழ்த்த மறந்துவிடாதே. பூச்சிகளைச் சிறு கிண்ணத்தில் போட்டு வாயருகே வை, நாக்கு நீள வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. வாயை நீயாகத் திறக்க முயலாதே, அந்தத் தாடை தாங்காது. முதுகைப் பிடித்துத் தூக்காதே. மருந்துக்கு எடுக்க வேண்டியிருந்தால் கையை முன்னால் நீட்டி, அவளாக ஏறும் வரை காத்திரு. காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளி. அவள் துளிகளைத்தான் குடிப்பாள், தண்ணீர் குறைந்தால் மருந்துக் கால்சியம் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும்.

இந்த முட்டைகள்தான் எனக்குக் கவலை. அவற்றை இடுவதற்குத் தசையில் வலு வேண்டும், அந்த வலுவுக்கும் கால்சியமே வேண்டும். ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டி ஒன்றை, ஒரு முழத்துக்குக் குறையாமல், இப்போதே உள்ளே வைத்துவிடு. தோண்டித் தோண்டி ஒன்றும் இடாமல் சோர்ந்து கண்ணை மூடிக்கொண்டால், இரவு என்று பாராமல் மருத்துவரிடம் போ. இந்த முறை முட்டையிடுவதைத் தாண்டி, எலும்பும் தேறிய பிறகு, தீனியையும் சூட்டையும் கொஞ்சம் குறைத்தால் அடுத்த முறை முட்டைகளின் எண்ணிக்கை குறையும். கோழிப்பண்ணைக்காரருக்கு இதைச் சொன்னால் அடிக்க வருவார்.

வலியில்லாமல் முடித்துவிடுவதைப் பற்றியும் யோசிக்கும்படி மருத்துவர் சொன்னதாக அம்மாவிடம் அழுதிருக்கிறாய். அவர் அதைச் சொன்னது தவறில்லை. நானும் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன், சில வீடுகளில் தாமதமாகச் சொல்லி வருந்தியுமிருக்கிறேன். கிண்ணத்திலிருந்து தானாகத் தின்கிறாளா, பகலில் கண் திறந்திருக்கிறதா, பின்னங்கால்கள் கிளையைப் பற்றுகின்றனவா என்று மட்டும் பார். இந்த மூன்றும் இன்று இருக்கின்றன என்று நீயே சொல்கிறாய். மூன்றும் போய்விட்டால் என்னைக் கேட்பதற்காக ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதே. உன்மேல் குற்றமா என்றால், ஆம், கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். அறியாமல் செய்தது, அறிந்ததும் அன்றே தூக்கிக்கொண்டு ஓடினாய். ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி நாளில் வண்டி அனுப்பிய பண்ணைக்காரர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்துவிட்டேன்.

சமையலறைத் தராசில் ஒவ்வொரு ஞாயிறு காலையும் தீனிக்கு முன் எடை போட்டுக் கிராமில் எழுதி எனக்கு அனுப்பு. புது விளக்கின் பட்டியில் மாட்டிய தேதியைச் சிறு தாளில் எழுதி ஒட்டிவிடு. அடுத்த எக்ஸ்ரே எடுத்ததும் கைபேசியில் அனுப்பாமல், மின்னஞ்சலில் முழு அளவில் அனுப்பு; தொடை எலும்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு மெலிதாகவேனும் திரும்பியிருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா