கிரெடிட் கொடுக்கும் கையெழுத்துக்கு முன்னால்: வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆடை வடிவமைப்புக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளில் பணியாற்றும் மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டில் படிக்கும் ஒரு மாணவி எழுதுகிறேன்.

ஒவ்வொரு பருவத்திலும் எங்களுக்கு ஓர் இன்டர்ன்ஷிப் பட்டியல் அனுப்புகிறீர்கள். நிறுவனத்தின் பெயர், ஊர், எத்தனை மாதம், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எல்லாம் அதில் இருக்கும். அங்கே போய் என்ன வேலை செய்வோம், யார் சொல்லிக்கொடுப்பார், மாதக் கடைசியில் கைக்கு ஏதாவது வருமா என்பது மட்டும் இருக்காது. வேறு எதுவும் தெரியாதபோது நாங்கள் எதை வைத்து முடிவெடுப்போம்? பெயரை வைத்துத்தான். பெரிய பெயருக்கு வகுப்பே விண்ணப்பிக்கிறது. நல்ல பேட்டர்ன் மாஸ்டர் (துணி வெட்டுவதற்கான அளவு மாதிரியை வரைபவர்) இருக்கும் சின்ன ஸ்டுடியோவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த விவரங்களை நிறுவனங்களிடம் கேட்காமல் உங்களிடம் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. பிரிட்டனில், படிப்பின் ஒரு பகுதியாக ஓராண்டு வரை வேலைப் பயிற்சிக்குப் போகும் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் தொழிலாளர் துறை 2018 முதல் ஏழு அம்சங்களை வைத்து, ஒருவர் பயிற்சி பெறுபவரா ஊழியரா என்று பார்க்கிறது. அந்தப் பயிற்சி படிப்போடு எவ்வளவு இணைந்திருக்கிறது, கல்லூரி அதற்கு கிரெடிட் (பட்டப்படிப்பில் கணக்கில் சேரும் புள்ளி) தருகிறதா என்பது அதில் ஓர் அம்சம். பிரான்சில் இரண்டு மாதத்துக்கு மேல் போனால் உதவித்தொகை கட்டாயம். அங்கே மாணவர், நிறுவனம், கல்லூரி என மூன்று தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஆக, உங்கள் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரு மாணவரைச் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ள நிறுவனத்துக்குப் பல இடங்களில் வழிவிடுவதே அதுதான். அவ்வளவு பலமுள்ள கையெழுத்தைப் போடும்போது நாலு கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்தத் துறை பார்த்திருக்கிறது. 2013-ல் இரண்டு முன்னாள் இன்டர்ன்கள், சட்டப்படியான ஊதியம் தரவில்லை என்று வோக் ஃபேஷன் இதழை வெளியிடும் கோன்டே நாஸ்ட் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டே நிறுவனம் இன்டர்ன்ஷிப் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. மறு ஆண்டு, வழக்கை முடித்துக்கொள்ள 58 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. வேலை செய்தவர்களுக்குப் பணம் வந்தது சரிதான். ஆனால் அடுத்து வரவிருந்த மாணவர்களுக்குக் கதவே சாத்தப்பட்டது. அப்படி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வாய்ப்பு பட்டியலில் ஏறும் முன்பே, அது படிப்பா, இலவச உழைப்பா என்று நீங்கள் பார்த்துவிட்டால் போதும்.

வகுப்பில் எங்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை, 2009-ல், பின்னாளில் பெரிய ஆடை வடிவமைப்பாளர் ஆன வர்ஜில் அப்லோவும் பாடகர் கான்யே வெஸ்ட்டும் ரோமில் ஃபெண்டி என்ற ஃபேஷன் நிறுவனத்தில் இன்டர்ன்களாக இருந்தது. மாதம் 500 டாலர். அவர்களே கீழிருந்து தொடங்கினார்கள், நீங்கள் தயங்கலாமா என்பதுதான் சொல்ல வருவது. ஆனால் வெஸ்ட் அப்போதே உலகம் அறிந்த இசைக் கலைஞர். மாதம் 500 டாலரில் வாடகை கட்ட வேண்டிய நிலை அவருக்கு இல்லை. தயவுசெய்து அந்தக் கதையை எங்களுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். பாரிஸ், மிலன், லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் ஆறு மாதம் சொந்தப் பணத்தில் தங்க முடிந்தவர் மட்டும் சேரக்கூடிய இடம், திறமையைப் பார்த்து ஆள் எடுக்கும் இடம் ஆகாது.

அதற்குப் பதிலாக பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்வீனின் தொடக்கத்தைச் சொல்லுங்கள். 16 வயதில் பள்ளியை விட்டு, தையலகங்களுக்குப் பெயர்பெற்ற லண்டன் சாவில் ரோ தெருவில் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் தையலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அப்புறம் கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ் தையலகம், அதற்குப் பிறகு மேடை நாடகங்களுக்கு உடை தயாரிக்கும் ஏஞ்சல்ஸ் அண்ட் பெர்மன்ஸ். லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் 1992-ல் முதுகலைப் படிப்பை முடிக்கும்போது அவருக்கு வெட்டும் கை ஏற்கெனவே வந்திருந்தது. ஃபேஷன் இதழ்களின் அட்டையில் வரும் பெயர்கள் இல்லை அந்தத் தையலகங்கள். ஆனால் பக்கத்தில் உட்கார வைத்துக் கோட்டு தைக்கச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இருந்தார்கள். ஒரு வாய்ப்பை எடைபோட எனக்கு இதைவிட நல்ல கேள்வி தெரியவில்லை: பக்கத்தில் யார் உட்காருவார்?

இன்னொன்று, பட்டியலைத் தயாரிக்கும்போது அதிகம் யோசிக்கப்படாதது என்று நினைக்கிறேன். எந்த மாதத்தில் சேருகிறோம் என்பதே கற்பதை மாற்றிவிடுகிறது. பெண்கள் ஆடைகளுக்கான பெரிய ஃபேஷன் ஷோக்கள் பிப்ரவரி, மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் நடக்கின்றன. ஷோவுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு டிசைன் ஸ்டுடியோவில் சேரும் மாணவி, மணி கோப்பாள், இஸ்திரி போடுவாள், சாம்பிள்களைப் பெட்டியில் அடுக்குவாள். யாரும் கெட்டவர்கள் இல்லை, சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது, அவ்வளவுதான். ஷோ முடிந்து அடுத்த தொகுப்பு (அடுத்த ஷோவுக்கான ஆடை வரிசை) தொடங்கும்போது சேருபவள் துணித் தேர்வைப் பார்ப்பாள், மஸ்லின் என்ற மலிவான பருத்தித் துணியில் முதல் மாதிரி உருவாவதைப் பார்ப்பாள், ஃபிட்டிங்கில் ஒரு தோள்பட்டை ஏன் நாலு முறை மாறுகிறது என்று புரிந்துகொள்வாள். நிறுவனம் ஒன்றே, காலமும் மூன்று மாதம்தான், ஆனால் இரண்டு பேரும் கற்றது ஒன்றாக இருக்காது. கல்லூரித் தேர்வு அட்டவணைக்கு ஏற்றபடி மட்டும் எங்களை அனுப்பாமல், எந்தக் கட்டத்தில் போகிறோம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

பட்டியலில் டிசைனர், ஸ்டைலிஸ்ட் வாய்ப்புகள் நிறைய. பேட்டர்ன், கிரேடிங் (ஒரு பேட்டர்னைப் பல அளவுகளுக்கு மாற்றுவது), டெக்னிகல் டிசைன், தரக் கட்டுப்பாடு, துணி கொள்முதல், மெர்ச்சண்டைசிங் எல்லாம் அரிதாகத்தான் தலைகாட்டுகின்றன. ஒரு டெக் பேக்கை, அதாவது ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்களைத் தொழிற்சாலைக்குச் சொல்லும் ஆவணத்தை, பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர், அளவு அட்டவணையைப் பார்த்ததும் எங்கே இடிக்கும் என்று சொல்லத் தெரிந்தவர், எந்த நிறுவனத்துக்கும் தேவைப்படுவார். இந்த வேலைகள் கற்பனை குறைந்தவர்களுக்கு என்ற எண்ணம் மாணவர்களிடம் இருக்கிறது. கொஞ்சம் உங்களிடமும் இருக்கிறதோ என்று பட்டியலைப் பார்க்கும்போது தோன்றுகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்த பிறகும், துணி எங்கே தைக்கப்படுகிறது, ஆர்டர் போகும் தொழிற்சாலை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வேலையை நாங்கள் இரண்டாம் தரமாக நினைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை கேட்கும்போது காட்டும் எங்கள் படைப்புகளின் தொகுப்பேடு பற்றிய விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல இடங்களில் முதல் நாளே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். நிறுவனத்தின் ஆடைத் தொகுப்பு வெளிவரும் வரை எதையும் காட்டக் கூடாது என்பது நியாயம். வெளிவந்த பிறகு, நான் செய்த பகுதியை என் பெயரில் காட்டலாமா என்பதை எழுத்தில் வாங்கித் தாருங்கள். டிசைன் போட்டிகளின் விதிமுறைகளையும், எங்களுக்கு அறிவிக்கும் முன் நீங்கள் ஒருமுறை படியுங்கள். வென்றாலும் தோற்றாலும் அனுப்பிய வரைபடம் நடத்துபவருக்கே சொந்தம் என்று சொல்லும் போட்டியை அறிவிப்புப் பலகையில் ஒட்டவே கூடாது.

நான் கேட்பது ஒரு பக்கப் படிவம். என்ன வேலை, யார் வழிகாட்டி, எவ்வளவு உதவித்தொகை, தொகுப்பின் எந்தக் கட்டம், செய்த வேலையைக் காட்ட அனுமதி உண்டா, போன முறை போன மாணவர் இப்போது என்ன செய்கிறார். நிறுவனம் இதை நிரப்பித் தந்த பிறகு பட்டியலில் ஏற்றுங்கள். நிரப்ப மறுத்தால் அதையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவிடுங்கள், போவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். பயிற்சி முடித்துத் திரும்பும் மாணவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு, பெயர் போடாமல், அடுத்த வகுப்பு படிக்கும்படி வையுங்கள். உங்கள் பிரிவில் ஆள் குறைவு என்பது தெரியும். படிவத்தை எழுதவும், திரும்பி வந்தவர்களிடம் பேசித் தொகுக்கவும் இறுதியாண்டு மாணவர்கள் நாங்கள் வருகிறோம். அடுத்த பட்டியல் வெளியாகும் முன் எங்களை ஒரு நாள் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆடை வடிவமைப்பு இறுதியாண்டு மாணவி