ஆச்சிக்கு, தென் கரோலினாவின் தார்சாவிலிருந்து

மவுண்ட் பிளசன்ட், தென் கரோலினா
சித்திரை 10

அன்புள்ள ஆச்சிக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? ராத்திரி தைலம் தேய்க்காமல் படுக்காதீர்கள். தம்பி இந்தக் கடிதத்தை அவசரப்படாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

போன வாரம் போனில் கேட்டீர்களே, "புது வீட்டு வாசல் எப்படி இருக்கு, கோலம் கீலம் போடுதியா?" என்று. "போடுதேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் ஒரு வார்த்தையில் அடங்குகிற சமாசாரமா அது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டுத் தார்சா மாதிரியே இந்த வீட்டுக்கு முன்னாலும் ஒன்று இருக்கிறது. போர்ச் என்கிறார்கள். பலகைத் தளம், நாலு மரத்தூண், மேலே கூரை. மூன்று படி இறங்கினால் சிமெண்ட் நடைபாதை. கார்த்திகையில் குடிவந்தோம். வந்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் அங்கேயே அடுக்கிவைத்தோம், அப்படியே கிடந்தன. இந்த ஊரில் வீட்டுக்குள் போக முன்வாசல் தேவையில்லை ஆச்சி. கார் நிறுத்தும் ஷெட்டின் கதவு பொத்தானை அமுக்கினால் திறக்கும், காரோடு உள்ளே போய்விட்டால் மூடிக்கொள்ளும், அங்கிருந்தே அடுக்களைக்குள் போய்விடலாம். நான்கு மாதம் முன்கதவை நான் திறந்ததெல்லாம் பார்சல் எடுக்க மட்டும்தான். தெருவில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது, இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. வேலைக்குப் போய் வந்த பிறகு மனசு ஏன் இப்படிக் கனக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வாசல் இல்லாமல் இருந்ததுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பங்குனி பிறந்த சமயம் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் தளம் பூராவும் மஞ்சள். மஞ்சள்தூள் டப்பாவை யாரோ கவிழ்த்துவிட்டுப் போனதுபோல் பலகை, தூண், கைப்பிடி, சின்னவள் விட்டுவைத்திருந்த செருப்பு எல்லாவற்றிலும் படிந்திருந்தது. சுற்றிலும் நிற்கிற பைன் மரங்களின் மகரந்தம். இங்கே வசந்தம் வருவதே இப்படித்தானாம். நான் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். அவ்வளவும் கிளம்பி மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று குரல் கொடுத்தார்கள்: "முதலில் தண்ணீர் விடு, அப்புறம் பெருக்கு." வாசல் தெளித்துவிட்டுப் பெருக்கு என்று நீங்கள் எனக்கு ஏழு வயதில் சொன்ன அதே வார்த்தை!

அவர்களுக்கு உங்களைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். இந்தப் பக்கம் பெரியவர்களைச் சின்னப் பிள்ளைகள் பேரோடு 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், ஆமாம் என்றால் "யெஸ் மேம்" என்று சொல்ல வேண்டும். சின்னவள் அதை இரண்டே நாளில் பழகிக்கொண்டாள்.

பெட்டிகளை ஒழித்து, தளத்தைக் கழுவிக் காயவைத்து, கடையில் போய்ப் பூச்செடி வாங்கிவந்து வரிசையாக வைத்தேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்கள்: "யார் எங்கே உட்காருவது?" உட்கார இடம் இல்லாத போர்ச் கடை ஜன்னல் மாதிரி, பார்த்துவிட்டுப் போகத்தான் ஆகும் என்றார்கள். உட்கார ஒன்றைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவர் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுகிற இடத்தில் செடியை வை என்றார்கள். அன்றைக்கே எல்லாத் தொட்டியையும் இடம் மாற்றினேன்.

உட்காருவதற்கு என்ன போட்டிருக்கிறேன் தெரியுமா? ஜாக்லிங் போர்டு என்று இந்தச் சார்ல்ஸ்டன் பக்கத்துக்கே உரிய ஒரு பெஞ்சு. நீளமான ஒற்றைப் பைன் பலகை, இரண்டு பக்கமும் மரக் கால், காலுக்கு அடியில் தொட்டிலுக்கு இருப்பதுபோல் வளைவு. உட்கார்ந்தால் பலகை மெல்ல எம்பி எம்பி ஆடும், பக்கவாட்டிலும் அசையும். திண்ணையையும் ஊஞ்சலையும் சேர்த்துச் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. பழைய வீடுகளில் 16 அடி நீளத்தில்கூட இருக்கிறது. எங்களுடையது 10 அடி. யாரோ வீடு காலி செய்யும்போது விற்றதை இவர் போய் வேன் வைத்து ஏற்றி வந்தார். கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம், சார்ல்ஸ்டன் பச்சை என்றே அதற்குப் பேர். இரண்டு முனையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறோம்.

மேலே கூரையின் உட்பக்கத்துக்கு நீலம் அடித்திருக்கிறோம். வெளிறின நீலம், மழை விட்ட பிறகு வருகிற வானம் மாதிரி. இதை எழுதும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது ஆச்சி, ஏனென்றால் அதன் கதை லேசானதில்லை. பக்கத்து வீட்டு அம்மா கல்லா கீச்சி மக்களைச் சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டு, இந்தக் கடலோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் வம்சம். அவர்கள் முன்னோர்தான் வீட்டு நிலையிலும் ஜன்னலிலும் தார்சாக் கூரையிலும் நீலம் பூச ஆரம்பித்தவர்கள். கெட்ட ஆவி தண்ணீரைத் தாண்டாதாம், நீலத்தைப் பார்த்துத் தண்ணீர் என்று நினைத்துத் திரும்பிவிடுமாம். நாம் வாசலில் பூசணிக்காய் கட்டுகிறோமே, அதுபோல. ஹெய்ன்ட் நீலம் என்கிறார்கள். இப்போது பெயிண்ட் கடையில் டப்பாவில் கிடைக்கிறது, அந்தக் காலத்தில் அவுரிச் சாயம். ஆமாம், நம் ஊரிலும் விளைகிற அவுரிதான். 1740-களில் எலைசா லூகாஸ் என்ற இளம் பெண் அப்பாவின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டபோது இந்தப் பக்கம் அவுரியை விளையவைத்துக் காட்டினார் என்று புத்தகங்களில் இருக்கிறது. அழுகின அவுரித் தொட்டிகளின் நாற்றத்தில் நின்று உழைத்தவர்கள் பேர் எதுவும் புத்தகத்தில் இல்லை. தங்களைப் பிழிந்த சாயத்தை எடுத்தே அவர்கள் தங்கள் வீட்டுக்குக் காவல் பூசியிருக்கிறார்கள். இதை அந்த அம்மாவே ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், நான் மேலே நின்று பிரஷை நனைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு மூலையைக்கூட விட மனசு வரவில்லை.

கதவில் இங்கே எல்லோரும் வட்டமாக ஒரு மலர்வளையம் மாட்டுகிறார்கள். மலர்வளையத்தை வீட்டு வாசலில் வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை, உங்களுக்குப் புரியும். தெருமுனையில் பெரிய மக்னோலியா மரம் இருக்கிறது. இலை மேலே எண்ணெய் தேய்த்ததுபோல் பச்சை, பின்பக்கம் மான் தோல் நிறத்தில் மெத்தென்று இருக்கும். அதைக் காம்போடு பறித்து, மாவிலைத் தோரணம் கட்டுகிற மாதிரியே நூலில் கோத்து நிலையில் கட்டினேன், சித்திரை ஒன்றுக்கு. காய்ந்தாலும் சுருளாமல் அப்படியே பழுப்பாக நிற்கிறது. தெருவில் நடக்கிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இரண்டு வீட்டில் அதேபோல் கட்டிவிட்டார்கள்.

பூச்செடி பற்றிக் கேட்பீர்களே. குளிர்காலம் முழுக்க இங்கே பான்சி என்ற பூ தாங்கும், ஆனால் வெயில் ஏறினால் வாடிவிடும். அதனால் ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு ஜெரேனியமும் பிகோனியாவும் வைத்திருக்கிறேன். வேலியில் மஞ்சளாக ஒரு கொடி பூத்தது. இந்த மாநிலத்தின் பூ அதுதான், பேரில் மல்லி என்று வரும், ஆனால் பூ, இலை, வேர் அத்தனையும் விஷம். சின்னவளிடம் தொடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். படிக்குப் பக்கத்தில் வேறொரு வெள்ளைக் கொடியை ஏற்றியிருக்கிறேன். இப்போதுதான் பூக்க ஆரம்பிக்கிறது. சாயங்காலம் ஆனால் நம் வளவில் பிச்சிப்பூ விரிகிற வாசம், கிட்டத்தட்ட.

கூரையிலிருந்து இரண்டு பெரணித் தொட்டி தொங்கவிட்டிருக்கிறேன். குற்றாலத்தில் பாறை இடுக்கில் சிலிர்த்துக்கொண்டு நிற்குமே, அந்த இனம். அதில் இடப்பக்கத் தொட்டியில் குருவி கூடு கட்டிவிட்டது ஆச்சி! கரோலினா ரென் என்று பேர், இந்த மாநிலத்தின் பறவையே அதுதான். உள்ளங்கைக்குள் அடங்கும். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, வாலை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும், குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். சருகு, பைன் ஊசி, பாசி எல்லாம் கொண்டுவந்து மேலே மூடி, பக்கத்தில் ஓட்டை வைத்து ஒரு குகை மாதிரிக் கட்டியிருக்கிறது. உள்ளே நாலு முட்டை. வெள்ளையில் செம்பழுப்புப் புள்ளி. முட்டை வைத்த கூட்டைக் கலைக்கக் கூடாதென்று இந்த நாட்டில் 1918-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்கு எதற்குச் சட்டம்? உத்தரத்தில் குருவி கூடு கட்டின வருஷம் நீங்கள் பொங்கலுக்குக்கூட ஒட்டடை அடிக்க விடவில்லையே. இப்போது தொட்டியின் ஓரத்தில் மட்டும், தாய்க்குருவி வெளியே போன நேரம் பார்த்து, சின்னச் செம்பால் தண்ணீர் விடுகிறேன். முன்கதவைச் சத்தமில்லாமல் திறக்கிறோம். சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடக்கிறாள்.

கோலம்? பலகையில் போட்டால் இடுக்கு வழியே மாவு இறங்கிவிடுகிறது. அதனால் படிக்குக் கீழே சிமெண்டில் போடுகிறேன். பச்சரிசி மாவுதான். இங்கே கடித்தால் கொப்புளம் போடுகிற ஒரு செவ்வெறும்பு உண்டு, அதனால் படியை விட்டுத் தள்ளியே போடுகிறேன். முதல் நாள் அந்த அம்மா குனிந்து மாவை விரலில் தொட்டுப் பார்த்து, "அரிசியா?" என்றார்கள். எறும்புக்கும் குருவிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய் ஒரு பழைய கூடையை எடுத்துவந்து காட்டினார்கள். அகலமாக, ஆழமில்லாமல், விளிம்பு லேசாக ஏறி. நம் சுளகு ஆச்சி, வட்டச் சுளகு! அவர்கள் பாட்டியுடைய பாட்டி காலத்திலிருந்து வருவது. இந்த ஊர்ச் சதுப்பில் நெல் விளைவித்ததும் அவர்கள் ஆட்கள்தான். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் தெரிந்திருந்த நெல் வேலையை இங்கே செய்யவைத்திருக்கிறார்கள். குத்தின நெல்லைப் புடைக்க அவர்களே பின்னிக்கொண்டது அந்தச் சுளகு.

இன்றைக்கும் அந்த வேலை நிற்கவில்லை. 17-ஆம் நம்பர் நெடுஞ்சாலை ஓரத்தில் மரக் கொட்டகை போட்டுப் பெண்கள் உட்கார்ந்து கூடை தைக்கிறார்கள். இனிப்புப் புல் என்று மணக்கிற ஒரு புல்லை விரல் பருமனுக்குச் சேர்த்து, சுருள் சுருளாகச் சுற்றி, பனை ஓலைக் கீற்றால் தைத்துக்கொண்டே போகிறார்கள். உங்கள் குத்தூசி இருக்கிற இடத்தில் அவர்களுக்கு ஒரு கரண்டிக் காம்பு, முன்பக்கத்தை வெட்டிவிட்டு முனையைத் தீட்டினது. அந்தப் பனை நம் பனை இல்லை, குட்டையாக இருக்கும், பால்மெட்டோ என்கிறார்கள். ஆனால் ஓலை விசிறி மாதிரி விரிந்து நிற்பதைப் பார்த்தால் தேரிக்காட்டு ஞாபகம் வராமல் போகாது. 1776-இல் பக்கத்துத் தீவில் அந்த மரத்தை அடுக்கிக் கட்டின கோட்டைதான் பிரிட்டிஷ்காரன் பீரங்கிக் குண்டைத் தாங்கியதாம். மாநிலக் கொடியிலேயே அந்தப் பனைதான் இருக்கிறது.

சித்திரை ஒன்று அன்று பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது உள்ளே அவர்கள் கையால் தைத்த சின்னக் கூடை ஒன்று இருந்தது. வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அவர்களிடமும் இல்லை. இப்போது கூடை என்னிடம் இருக்கிறது. நானும் அதை வெறுமனே வைத்துக்கொள்ளக் கூடாது இல்லையா?

அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். பால்மெட்டோக் குருத்தை வெட்டி, இரண்டு நாள் நிழலில் வாட்டி, கொட்டான் ஒன்று முடைந்து பார்த்தேன். அடி சரியாக வருகிறது. மூலை திருப்புகிற இடத்தில் பிரிந்து பிரிந்து போகிறது. மூலையில் ஓலையை மடித்து உள்பக்கம் விடுவீர்களா, வெளிப்பக்கம் விடுவீர்களா? கையை ஈரமாக வைத்துக்கொள்ள வேண்டுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை வீடியோ போடச் சொல்லுங்கள். தார்சாவில் வெளிச்சம் இருக்கிற பக்கமாக உட்காருங்கள், உங்கள் விரல் எனக்குத் தெரிய வேண்டும். நானும் இங்கே பெஞ்சில் ஓலையோடு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா, அப்பா, சித்தி எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அன்புப் பேத்தி