பத்து நாள் சிகிச்சை போதாது, தொடர் மருந்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் பிடிபட்டார்கள், அவற்றை வெளிமாநிலத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்தவர்கள் கைதானார்கள் என்று சென்னையிலிருந்து அடிக்கடி செய்திகள் வருகின்றன. எத்தனை மாத்திரைகள் பறிமுதல், எத்தனை பேர் கைது என்பதோடு அந்தச் செய்திகள் முடிந்துவிடுகின்றன. அந்த மாத்திரைக்குப் பழகிப்போன பையனுக்கு மறுநாள் காலையில் என்ன ஆகிறது, பெற்றவர்கள் அவனை எங்கே அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நீண்ட காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

2018ஆம் ஆண்டு ட்ரமடால் என்ற வலி நிவாரணி மாத்திரை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அது கிடைப்பது அரிதானதும் டேபென்டடால் என்ற இன்னொரு வலி நிவாரணி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இரண்டும் ஹெராயின், மார்ஃபின் ஆகியவற்றைப் போலவே மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளில், அதாவது அபின் வகை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களில், வேலை செய்பவை. விற்பனையைத் தடுப்பது அவசியமே, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஏற்கெனவே பழகிவிட்ட உடம்பு தடை உத்தரவைக் கேட்டு அடங்கிவிடாது. அது வேறொன்றைத் தேடும்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். விஷயம் தெரிந்ததும் கடன் வாங்கி, ஏதாவது ஒரு மீட்பு மையத்தில் பத்து நாளோ ஒரு மாதமோ சேர்க்கிறார்கள். அங்கே உடம்பு வலி, வாந்தி, பேதி, தூக்கமின்மை எல்லாவற்றையும் அவன் கடந்து வருகிறான். முகம் தெளிந்து, நாலு கிலோ எடை கூடி வீட்டுக்கு வருகிறான். "இனி தொடமாட்டேன்" என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான், அந்த நேரத்தில் அவன் அதை உண்மையாகவே சொல்கிறான். சில வாரங்களில் மறுபடியும் ஊசியைத் தொடுகிறான். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஆபத்து இருக்கிறது. நிறுத்தியிருந்த நாட்களில் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. முன்பு ஏற்றிக்கொண்ட அதே அளவை இப்போது ஏற்றினால் மூச்சு அடங்கிவிடும். சிகிச்சை முடிந்து வந்த பிள்ளை குளியலறையில் இறந்து கிடந்தான் என்று கதறிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். சிகிச்சையை அரைகுறையாக நிறுத்தியதுதான் அவர்களுடைய பிள்ளைகளைப் பறித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஹெராயினுக்குப் பழகிய 40 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓராண்டு முழுவதும் பியூப்ரினார்ஃபின் என்ற மருந்தைத் தினமும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே மருந்தை 6 நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, பிறகு மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். ஆலோசனையும் குழு சிகிச்சையும் இரு தரப்பாருக்கும் சமமாகவே கிடைத்தன. ஆண்டு முடிவில் மருந்து பெற்ற 20 பேரில் 15 பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். வெறும் மாத்திரை பெற்ற 20 பேரில் ஒருவர்கூட நிலைக்கவில்லை, நான்கு பேர் இறந்துபோனார்கள். ஆலோசனை மட்டுமே போதும், மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் பியூப்ரினார்ஃபினையும் மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்ததற்கு, இப்படிப் பல நாடுகளில் கிடைத்த அனுபவமே காரணம்.

பியூப்ரினார்ஃபின் எப்படி வேலை செய்கிறது என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைச் சொல்லித்தான் விளக்குவேன். ஏற்பியில் அது இறுக்கமாக உட்கார்ந்துகொள்வதால், பின்னால் வரும் ஹெராயினுக்கோ மாத்திரைக்கோ இடம் கிடைப்பதில்லை. அதே சமயம் அது ஏற்பியைப் பாதியளவுக்கே தூண்டுகிறது. ஒரு வரம்புக்கு மேல் அளவைக் கூட்டினாலும் போதை ஏறுவதில்லை, மூச்சை அடக்கும் ஆபத்தும் அதற்கேற்பக் குறைவு. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்த்து எடுத்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதை ஒவ்வொருவருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுவதும் தாங்கும்.

முதல் வேளை மருந்தைக் கொடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கடைசியாக ஊசி போட்டு அரை நாளாவது கழிந்திருக்க வேண்டும். அவனுக்குக் கொட்டாவி வந்துகொண்டே இருக்கும், மூக்கும் கண்ணும் ஒழுகும், கையில் மயிர்க்கூச்செறியும், கண்ணின் பாவை விரிந்திருக்கும். இவற்றையெல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் மருந்தை எடுப்போம். உடம்பில் பழைய போதை இருக்கும்போதே கொடுத்துவிட்டால், விலகல் அறிகுறிகள், அதாவது போதை நிற்கும்போது உடம்பு படும் அவதிகள், ஒரேயடியாகத் தாக்கிவிடும். அப்படி ஒருமுறை அவதிப்பட்டவன் இந்த மருந்தின் பக்கமே திரும்ப மாட்டான். அதனால்தான் இதை வீட்டில் சுயமாகத் தொடங்கக் கூடாது. 2 மில்லிகிராம் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, விழுங்காதே, தண்ணீர் குடிக்காதே, பேசாமல் உட்கார் என்று சொல்லிப் பக்கத்திலேயே நிற்போம். அது கரையச் சில நிமிடங்கள் பிடிக்கும். முக்கால் மணி நேரத்தில் கால் உதறுவது நின்று, சுருண்டு கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்பான். வேண்டிய அளவை அடுத்த சில நாட்களில் மருத்துவர் நிர்ணயிப்பார்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையைக் கொடுக்கிறீர்களா?" என்று பெற்றோரும், சில சமயம் மருத்துவர்களுமே கேட்கிறார்கள். இந்தச் சந்தேகத்துக்குச் சென்னையில் ஒரு பின்னணி உண்டு. 1990களில் இதே பியூப்ரினார்ஃபின் ஊசி மருந்தாகக் கடைகளில் கிடைத்துத் தவறாகப் பயன்படுத்தப்பட்டது. இன்று சிகிச்சைக்குக் கொடுப்பது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுவதைத் தடுக்க, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்ஸோன் கலந்த வகையும் இருக்கிறது. முறையான அளவில் இதை எடுப்பவர் வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். திருட்டும் கடனும் குறைகின்றன. பகிர்ந்துகொண்ட ஊசியால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி சி (ஹெபடைடிஸ் சி) ஆகியவை பரவுவதும் குறைகிறது. இதைப் போதை என்று அழைப்பது நியாயமா என்று வாசகர்களே சொல்லட்டும்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, ஓபியாய்டு பயன்பாட்டுக்காக உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் சுமார் 77 லட்சம் பேர். சட்டவிரோதப் போதைப்பொருள்களைச் சார்ந்துவிட்டவர்களில் சிகிச்சை கிடைத்தவர்கள் மிகச் சிலரே. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் இந்த மருந்தை இலவசமாக வழங்கும் மையங்கள் இருக்கின்றன. ஆனால் அத்திட்டம் ஊசி போட்டுக்கொள்வோருக்கு எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் நோக்கில் உருவானது. மாத்திரையை விழுங்கும் நிலையிலேயே இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு அங்கே இடமில்லை என்றால், ஊசிக்கு மாறிய பிறகு வா என்று சொல்வதாக ஆகாதா? தமிழ்நாடு அரசு 2025இல் கலங்கரை என்ற பெயரில் 25 மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருப்பது மிகவும் வரவேற்கத்தக்கது. அவை ஒவ்வொன்றிலும் பியூப்ரினார்ஃபின் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கவும், தேவைப்படும்வரை ஆண்டுக்கணக்கில் தொடரவும் வழி செய்ய வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் மருந்து வாங்கிய ஒருவர் பெயின்டர். காலை எட்டு மணிக்குள் மேஸ்திரி ஆளெடுத்துவிடுவார், மருந்து கொடுக்கும் அறையோ ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். மருந்துக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று, கூலிக்குப் போனால் மாலைக்குள் உடம்பு உதறத் தொடங்கிவிடும். மூன்று மாதம் எப்படியோ சமாளித்தவர் ஒரு நாள் வராமல் நின்றுவிட்டார். சிகிச்சையை நடுவில் விட்டவர் என்று பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக எழுதினோம். 2020 ஊரடங்கின்போது, நிலையாக இருப்பவர்களுக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதி கிடைத்தது. அந்த ஏற்பாட்டை எங்கும் நிரந்தரமாக்கி, அறையைக் காலை ஆறரைக்குத் திறந்தால் அவரைப் போன்றவர்களைத் தக்கவைக்கலாம்.

மருந்து ஒரு மனிதனை நிற்க வைக்கும். அவன் நடப்பதற்கு மற்ற உதவிகளும் வேண்டும். கல்லீரல் அழற்சி சி இருந்தால், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இலவச மருந்து உண்டு, பெரும்பாலும் மூன்று மாதத்தில் குணமாகிவிடும். ஆனால் அந்தப் பரிசோதனைக்கு வேறொரு கட்டடத்துக்குச் சீட்டு எழுதி அனுப்பினால், பாதிப் பேர் போவதில்லை. மனச்சோர்வு, கந்துவட்டி, நிலுவையில் இருக்கும் வழக்கு, பேசாமல் போன மனைவி என்று அவன் கொண்டுவரும் எல்லாவற்றையும் கேட்க, அதே வளாகத்தில் ஒரு சமூகப் பணியாளர் இருக்க வேண்டும். பெண்கள் சிகிச்சைக்கு வருவதே அரிது. ஆண்கள் நிறைந்த வரிசையில் நிற்க எந்தப் பெண்ணும் துணிய மாட்டாள், அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். சிகிச்சைக்குப் போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்குள்ளானவர், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் பிரிவு 64ஏ அதே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. காவல் நிலையங்களில் இது எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது?

சில தனியார் மையங்களில் அடித்தும் பூட்டிவைத்தும் திருத்துகிறோம் என்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, நோயாளியின் கண்ணியத்தை உரிமையாக்கியிருக்கிறது. மையத்தின் பதிவுச் சான்றிதழையும், மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார் என்பதையும் கேட்காமல் எந்தப் பெற்றோரும் முன்பணம் கட்ட வேண்டாம்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாத்திரை பறிமுதல் செய்தி வெளியாகும் ஒவ்வொரு நாளும், அதன் கீழே 14446 என்ற தேசிய போதை மீட்பு இலவச உதவி எண்ணையும், அந்த மாவட்டத்தில் இம்மருந்து கிடைக்கும் அரசு மருத்துவமனையையும், அந்த அறை திறக்கும் நேரத்தையும் ஒரு சிறு பெட்டியில் அச்சிடுங்கள். மருந்து கிடைக்காத மாவட்டமாக இருந்தால் அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பெரம்பூர், சென்னை.