துரைமார் வந்த ஊர்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மகளோடு ஒரு வாரம் கார்ன்வால் போயிருந்தேன். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கவுண்டி. பெயரைக் கேட்டதும் உனக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், நம் கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குத் துரைமார் கப்பலேறி வந்த அதே ஊர்தான்.

பொட்டாலாக்கில் அலை தெறிக்கும் பாறைமேல் பழைய சுரங்கத்தின் நீராவி எஞ்சின்கள் இருந்த இரண்டு வீடுகள், கூரை போய் வெறும் கல்சுவராக நிற்கின்றன. பக்கத்தில் லெவன்ட் சுரங்கம். செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் கடலடியில் ஒரு மைலுக்கு மேல் குடைந்திருக்கிறார்கள். பொட்டாலாக்கில் புயலடித்தால் தலைக்கு மேலே கடல் பாறைகளை உருட்டுவது கேட்குமாம். சுரங்கத்தடியில் பாறை வெடித்து ஏர்பிளாஸ்ட் வந்தால் சாம்பியன் ரீஃபில் நம் வீட்டுப் பாத்திரங்கள் குலுங்குமே, அந்த ஞாபகம்தான் வந்தது.

லெவன்ட்டில் ஆட்கள் ஏறி இறங்க மேலும் கீழும் ஆடும் ஒரு நீளத் தண்டு. அதில் தொற்றிக்கொண்டு கொஞ்சம் ஏறி, ஓரப் பலகையில் இறங்கி நின்று, அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி தொற்ற வேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று அது முறிந்து 31 பேர் செத்தார்கள். அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

மற்றதெல்லாம் மகளுக்காகப் பார்த்தது. மலைச்சரிவைக் குடைந்து கட்டிய மினாக் அரங்கம் அழகுதான். பக்கத்துப் போர்த்கர்னோ கடற்கரையில்தான் 1870-இல் பம்பாயோடு இணைக்கும் தந்திக் கம்பி கரையேறியதாம். அப்புறம் பேஸ்டி: நம் சோமாசியை நாலு மடங்கு பெரிதாக்கி, உள்ளே மாட்டிறைச்சியும் உருளையும் வைத்தது போல இருக்கும். உப்பு கொஞ்சம் குறைச்சல்.

அவர்களின் சவுத் கிராஃப்டி சுரங்கம் 1998-இல் மூடியது, நம்முடையது 2001-இல். அங்கே இடிந்த சுவர்களுக்கு 2006-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்து, டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். நமக்கு மிஞ்சியது காற்றடித்தால் கண்ணில் விழும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டு மணல்.

லெவன்ட்டில் டிக்கெட் கொடுத்த பெரியவரிடம் கோலார் என்றேன். எவ்வளவு ஆழம் என்றுதான் முதலில் கேட்டார். 3 கிலோமீட்டருக்கு மேல் என்றதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். உன் அப்பாவின் சுரங்கப் பித்தளை டோக்கன் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா? இருந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. அந்தப் பெரியவருக்குக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்புடன்,
தாஸ்