எச்சரிக்கை இல்லாமல் தவறான விடை தரும் ஆர்கியூமென்ட் வரம்பு பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் புரோகிராமிங் மொழியை உரிமக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துகிறோம். அதிலுள்ள ஒரு கோளாறால் எங்கள் அறிக்கைகளில் கூட்டுத்தொகை தவறாக வந்திருக்கிறது.

ஒரு டேபிளைக் கொடுத்தால் உங்கள் டிசைனர் என்ற கருவியே அதற்கான நிரலை எழுதித் தருகிறது. 260 நெடுவரிசைகள் உள்ள டேபிளுக்கு, 260 ஆர்கியூமென்ட்களோடு (ஃபங்ஷனுக்குள் அனுப்பும் மதிப்புகள்) கூட்டல் ஃபங்ஷனை அழைக்கும் வரியை எழுதியது. கம்பைல் ஆனது, ஓடியது, எரர் எதுவும் இல்லை. ஆனால் ஃபங்ஷனுக்குள் போய்ச் சேர்ந்தவை நான்கு மட்டுமே. 261 கொடுத்துப் பார்த்தால் ஐந்து! எண்ணிக்கையை 0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும் ஒரே பைட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. 255-ஐத் தாண்டியதும் அது மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிவிடுகிறது.

இதைத் தெரிவித்தபோது, "இத்தனை ஆர்கியூமென்ட் யாரும் எழுத மாட்டார்கள்" என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பிப் புகாரை முடித்துவிட்டது. கையால் யாரும் எழுதவில்லை. எழுதியது உங்கள் டிசைனர்.

வரம்பு இருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஜாவாவிலும் 255தான். லாங், டபுள் என்ற எண் வகைகள் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்படும், ஓர் ஆப்ஜெக்ட்டுக்குரிய ஃபங்ஷனான சாதாரண மெத்தடில் அந்த ஆப்ஜெக்ட்டைக் குறிக்கும் திஸ் என்பதற்கும் ஓர் இடம் போகும் என்பதுவரை அதன் ஆவணத்தில் இருக்கிறது. மீறினால் கம்பைலர் ஏற்காது. பைத்தானும் 255-க்கு மேல் போனால் சின்டாக்ஸ் எரர் (மொழி விதிப் பிழை) காட்டிக்கொண்டிருந்தது. 2018-இல் வந்த 3.7 பதிப்பில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். உங்கள் கையேட்டில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை. நிரல் நின்றுபோயிருந்தால் அன்றே கவனித்திருப்போம். தவறான எண்ணைச் சரியான விடைபோல் காட்டியதால்தான் அது அறிக்கை வரை போய்விட்டது.

வரம்பைத் தாண்டும்போது கம்பைலர் எந்த ஃபங்ஷன், எந்த வரி என்று சொல்லி நிற்க வேண்டும். டிசைனர் எழுதும் நிரல் மதிப்புகளை ஒரே பட்டியலாக அனுப்பட்டும்; அப்போது எத்தனை நெடுவரிசை இருந்தாலும் ஆர்கியூமென்ட் ஒன்றுதான். அப்புறம், இந்தக் கோளாறு எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்பதை எழுத்துமூலம் தெரிவியுங்கள். பழைய அறிக்கைகளில் எவற்றைத் திரும்பக் கணக்கிட வேண்டும் என்பது அது தெரிந்தால்தான் எங்களுக்குத் தெரியும். சோதனை நிரலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற வாடிக்கையாளர்