சலப் பட்டியை மட்டும் நம்பாதை

அன்பின் மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். இத்தனை மாதம் வாய் திறக்காததுக்கு உன்ர பேச்சைப் பிறகு வாங்கிக்கொள்ளுறன். நெடுங்கேணிப் பக்க எல்லைக் கிராமங்களில சிறுநீரக முகாம் வைக்கப் போறியாம், சலத்தில (சிறுநீரில) தோய்ச்சுப் பாக்கிற பட்டி மட்டும்தான் கொண்டு போறியாம். மணியண்ணை சொன்னார். வேண்டாமடா.

பட்டி காட்டுறது புரதத்தை. நீரிழிவுக்காரருக்கு அது சரி, அவைக்கு முதலே ஒழுகும். 1990களில வடமத்திய மாகாணத்தில தலைகாட்டின, காரணம் பிடிபடாத இந்தச் சிறுநீரக வருத்தம் அப்பிடியில்லை. தழும்பு விழுறது சிறுநீரகத்துக்குள்ள இருக்கிற நுண்குழாய்களைச் சுத்தி. புரதம் பிந்தித்தான் வரும், அதுவும் கொஞ்சம். பட்டி நிறம் மாறாது, நீயும் "ஒண்டுமில்லை ஐயா" எண்டு அனுப்பிவிடுவாய். கால் வீங்கினாப்பிறகுதான் அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பார்.

இரத்தத்தில கிரியேட்டினின் பார், சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவு அது. அதிலயும் வில்லங்கம் இருக்கு. வெயிலில நாள் முழுக்க வேலி அடைச்சவருக்கும், முதல் நாள் இரவு எங்கட பெரியதம்பி மாதிரி இறைச்சியை ஒரு பிடி பிடிச்சவருக்கும் ஏறித்தான் நிக்கும். காலமை வயலுக்குப் போக முதல் எடு. குழாயை அரை மணித்தியாலம் நிமிர்த்தி வைச்சு உறையவிட்டு, சுழற்றிச் சீரத்தை, அதுதான் மேல நிக்கிற தெளிநீரை, பிரிச்சாப்பிறகுதான் ஐஸ் பெட்டி. பிரிக்காமல் அந்தக் கிறவல் றோட்டால மோட்டச்சைக்கிளில குலுக்கிக்கொண்டு வவுனியா போனால் இரத்தம் உடைஞ்சு போகும். கிரியேட்டினினை வைச்சுக் கணக்குப் பாக்கிற சிறுநீரகத்தின்ர வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழ எண்டாலும் உடன முத்திரை குத்தாதை. 3 மாதம் கழிச்சும் குறைஞ்சிருந்தால்தான் நாட்பட்டது.

"மருந்து பாவிக்கிறீங்களோ" எண்டால் இல்லை எண்டுதான் சொல்லுவினம். "நாரி உளைவுக்குக் கடையில என்ன வாங்கிப் போடுறனீங்கள்?" எண்டு கேள், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோபெனாக் எண்ட நோக்குளிசை தானாய் வெளிய வரும்.

கிணத்துத் தண்ணியைப் பிளாஸ்டிக் போத்தலில எடு. கண்ணாடி புளோரைட்டை இழுக்கும். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல எண்டால் கொதிக்க வைச்சும் பயனில்லை, தண்ணி வத்த இன்னும் செறியும். அதுக்காகப் புளோரைட்டுத்தான் வருத்தத்துக்குக் காரணம் எண்டு மேடையில முழங்காதை, அது நிறுவப்படேல்லை.

எனக்குக் கோபம் வாறது வேற இடத்தில. "இரத்தம் எடுத்துக்கொண்டு போனவை ஒருத்தரும் முடிவோட திரும்பி வரேல்லை" எண்டு சனம் சொல்லுறது பொய்யில்லை. முடிவை ஆளாளுக்கு எழுதி, உறையில ஒட்டி, குடும்பநல மாதுவிட்டக் குடு. சனசமூக நிலையத்தில பேர் கூப்பிட்டு வாசிச்சால் நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளையின்ர கலியாணம் குழம்பும். சிங்களச் சனம் இருக்கிற வெலிஓயாப் பக்கம் எண்டால் சிங்களத்திலயும் எழுது.

அரிவி வெட்டு நேரம் திகதி வைச்சால் ஆம்பிளையள் ஒருத்தரும் வராயினம். மாசி, பங்குனியை விட்டிட்டு நாள் சொல்லு. சுழற்றுற மெஷின் நான் ஒழுங்குபடுத்தித் தாறன். ஓடுறதுக்கு ஜெனரேட்டர் உன்ர பாடு.

உன்ர,
குமார்